நாய்க்கடியோடு ஒருவர் உள்ளே வந்தால்: சின்ன கிளினிக்கின் டாக்டருக்கும் ஊழியர்களுக்கும் ஒரு முழு வழிகாட்டி

காலை பத்து மணி. ஓ.பி.யில் இருபது பேர் காத்திருக்கிறார்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு அம்மா வருகிறார். "நாய் லேசா கடிச்சிடுச்சு" என்கிறார். கெண்டைக்காலில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பியிருக்கிறார்கள். மேசையில் இருப்பவர் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு, 21-ஆம் டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொல்கிறார்.

என் கிளினிக்கிலும் பல வருடங்கள் இப்படித்தான் நடந்தது. டாக்டர் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை அந்தக் காயத்தில் தண்ணீர்கூடப் பட்டிருக்காது. நாய்க்கடிக்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது, நல்ல சீரம் (காயத்திலேயே வைரஸைச் செயலிழக்கச் செய்யும் மருந்து) இருக்கிறது, இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. இருந்தும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால், அதாவது வெறிநாய்க்கடி நோயால், இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022-23-ல் வீடு வீடாக நடத்திய ஆய்வு, இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் இறப்பதாகவும், 90 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குக்கடிகள் நடப்பதாகவும் மதிப்பிட்டது. அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. அதற்கு முன்னால், முறையாகச் செய்தால், ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றலாம். அந்த "முறையாக" என்பதில் பாதி வேலை டாக்டருடையது அல்ல. மேசையில் இருப்பவர், சிஸ்டர், ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோருடையது. அதனால் இதை எல்லோரும் சேர்ந்து படிக்கும்படி எழுதியிருக்கிறேன்.

நோயாளி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ஒரு குழாய். காலை நீட்டிக்கொண்டு உட்காரும்படி ஒரு ஸ்டூல், பக்கத்தில் சோப்பு, சுவரில் ஒரு கடிகாரம். கிளினிக்கில் நாய்க்கடிக்காக ஒரே ஒரு செலவு செய்ய முடியும் என்றால் இதற்குச் செய்யுங்கள். கை கழுவும் வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவச் சொன்னால் யாரும் இரண்டு நிமிடம்கூடத் தாங்க மாட்டார்கள்.

அடுத்தது ஃப்ரிட்ஜ். தடுப்பூசியும் சீரமும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறையவே கூடாது. கதவு அடுக்கிலும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். நடு அடுக்குதான் சரியான இடம். மதிய சாப்பாடு, குடிக்கும் தண்ணீர் பாட்டில், பால் பாக்கெட் எதற்கும் இதில் இடம் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் வெப்பம் ஏறுகிறது. காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் இருப்பதே முதல் வைத்தியம். காலி இடத்தில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வைத்திருந்தால் குளிர்ச்சி கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும். தடுப்பூசி வாங்கும்போது பில்லோடு, தெரிந்த மொத்த விற்பனையாளரிடம், ஐஸ் பெட்டியில் வந்ததா என்று பார்த்து வாங்குங்கள். தொகுதி எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது, ஊசிக்குப் பின் கடும் ஒவ்வாமை வந்தால் உடனே எடுக்க ஓர் அவசரத் தட்டு. அட்ரினலின் 1:1000, அதற்கான சிரிஞ்சு, ஆக்சிஜன், சலைன். அட்ரினலினின் காலாவதித் தேதியை மாதம் ஒருமுறை பார்ப்பது யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "யாராவது பார்ப்பாங்க" என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை.

படி 1: மேசையில்

விலங்கு கடித்தது, பிறாண்டியது, நக்கியது என்ற சொல் காதில் விழுந்தால் டோக்கன் கிடையாது, நேராகக் குழாயடிக்கு அனுப்ப வேண்டும். பெயர், முகவரியெல்லாம் கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். மேசையில் இருப்பவர் இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கழுவும்போது கேட்க வேண்டியவை: எப்போது, எந்த விலங்கு, தெரு நாயா வளர்ப்பு நாயா, இப்போது அது எங்கே இருக்கிறது, இதற்கு முன் நாய்க்கடி ஊசி முழுதாகப் போட்டிருக்கிறார்களா, வேறு என்ன நோய், என்ன மருந்து. குழந்தையாக இருந்தால் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். திட்டு விழும் என்று பயந்து கடியை "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லும் குழந்தைகள் நிறைய. ரேபிஸால் இறப்பவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

படி 2: குழாயடியில் 15 நிமிடம்

ஓடும் தண்ணீர், சோப்பு, 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். மனக்கணக்கில் 15 நிமிடம் என்பது நிஜத்தில் மூன்று நிமிடம்தான் இருக்கும். ரேபிஸ் வைரஸைச் சுற்றிக் கொழுப்பால் ஆன ஓர் உறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். காயத்தில் படிந்த எச்சிலை ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். நரம்புக்குள் வைரஸ் நுழைவதற்கு முன் அதன் எண்ணிக்கையைக் குறைக்கும் முதல் ஆயுதம் இதுதான்.

மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், பச்சிலை, எண்ணெய் என்று எது அப்பியிருந்தாலும் கழுவி எடுத்துவிடுங்கள். அதற்காக அம்மாவைத் திட்ட வேண்டாம். அவர் தெரிந்ததைச் செய்துவிட்டு நம்மிடம் வந்திருக்கிறார். கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தாலும் கழுவத்தான் வேண்டும். கழுவியபின் போவிடோன் அயோடின் தடவலாம். சூடு வைப்பது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம்.

கழுவும்போது சிஸ்டர் உடல் முழுக்கப் பார்க்க வேண்டும். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், விரலிடுக்கில், இடுப்பில். ஒரு முறை கையில் இருந்த பெரிய கடியை மட்டும் பார்த்துவிட்டு, பிடரியில் முடிக்குள் இருந்த சிறு பல் பதிவை நான் தவறவிட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே "டாக்டர், இங்கயும் வலிக்குது" என்று காட்டினார். நல்லவேளை, சீரம் போட அவகாசம் இருந்தது. அன்றிலிருந்து காயங்களை எண்ணி, உடல் படம் ஒன்றில் குறிக்காமல் யாரையும் அனுப்புவதில்லை.

படி 3: எந்த வகை?

தொட்டது, உணவு கொடுத்தது, காயமில்லாத தோலில் நாய் நக்கியது எல்லாம் முதல் வகை. கழுவினால் போதும். தோலை லேசாகக் கவ்வியது, ரத்தம் வராத சிறு பிறாண்டல் இரண்டாம் வகை. கழுவி, தடுப்பூசி போட வேண்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணிலோ கண், வாய் போன்ற ஈரச் சவ்விலோ எச்சில் பட்டது மூன்றாம் வகை. கழுவி, தடுப்பூசி போட்டு, சீரமும் போட வேண்டும். குரங்கு, நரி, கீரி என எந்தக் காட்டு விலங்கு கடித்தாலும் மூன்றாம் வகையாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது நம் தேசிய வழிகாட்டுதல்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள், புற்றுநோய் மருந்திலோ அதிக அளவு ஸ்டீராய்டிலோ இருப்பவர்கள் போன்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு இரண்டாம் வகையிலும் சீரம் தேவை.

சந்தேகம் வந்தால் மேல் வகைக்குப் போங்கள். ஸ்பிரிட் பஞ்சை மெல்ல ஒற்றிப் பார்த்து எரிகிறதா என்று கேட்பது பழைய டாக்டர்களின் வழக்கம். எரிந்தால் தோல் கிழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எரியவில்லை என்பதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

"எங்க வீட்டு நாய், ஊசி போட்டிருக்கோம்" என்பார்கள். அதை வைத்து நிறுத்தாதீர்கள். ஊசியை இன்றே தொடங்கிவிட்டு நாயைப் 10 நாள் கவனிக்கச் சொல்லுங்கள். இந்தப் 10 நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பொருந்தும். பத்து நாள் கழித்தும் அது நன்றாக இருந்தால் மீதி ஊசிகளை எப்படி அமைப்பது என்று அப்போது முடிவு செய்யலாம். வீட்டு எலி, அணில், முயல் கடிக்கு வழக்கமாக ரேபிஸ் ஊசி தேவைப்படுவதில்லை.

படி 4: தடுப்பூசி

இன்னும் பலர் மனதில் இருப்பது தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசிதான். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 2005 வாக்கில் நாட்டில் அதன் காலம் முடிந்துவிட்டது. ஊசிக்குப் பயந்து வராமல் போகிறவர்கள் இன்றும் இருப்பதால், கிளினிக் சுவரில் "நாய்க்கடி ஊசி கையில்தான்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது இரண்டு முறைகள். தசையில் போடுவது என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு முழுக் குப்பி, 0, 3, 7, 14, 28-ஆம் நாட்களில் என மொத்தம் ஐந்து முறை. தோலுக்குள் போடுவது என்றால் இரண்டு மேற்கைகளிலும் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28-ஆம் நாட்களில் நான்கு முறை. குப்பி அரை மில்லியாக இருந்தாலும் ஒரு மில்லியாக இருந்தாலும் தோலுக்குள் போடும் அளவு 0.1 மில்லிதான்.

தோலுக்குள் போடும் முறை இந்தியாவில் 2006-ல் அனுமதிக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு அது மிகப் பொருத்தமானது: ஒரே குப்பியில் பலருக்குப் போடலாம். ஆனால் கலந்த குப்பியை 2-8 டிகிரியில் வைத்து 6 முதல் 8 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மாதத்துக்கு நாலைந்து கடி மட்டும் வரும் தனியார் கிளினிக்கில் இது வீண். அங்கே தசையில் போடுவதே நல்லது என்பது என் கருத்து. காசில்லாதவர்களைத் தயங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே இலவசம். அனுப்பும்போது எழுதிக்கொடுத்து அனுப்புங்கள்.

தோலுக்குள் சரியாகப் போட்டால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக ஒரு சிறு வீக்கம் எழும்பும். எழும்பவில்லை என்றால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இன்னொரு முறை போடுங்கள். தசை ஊசிக்கு மேற்கை. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தொடையின் வெளிப்பக்கம். புட்டத்தில் எந்த வயதிலும் போடக் கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இடுப்பில் ஊசி போட்டே பழகிய கைகள் நம் ஊரில் நிறைய இருப்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"0-ஆம் நாள்" என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாள் அல்ல. கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தயங்காமல் போடலாம். குழந்தைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே.

படி 5: சீரம்

தடுப்பூசி போட்டு உடல் தன் எதிர்ப்புப் பொருளை உருவாக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் காயத்திலேயே வைரஸைச் செயலிழக்கச் செய்வதற்குத்தான் சீரம், அதாவது ரேபிஸ் இம்யூனோகுளோபுலின். மூன்றாம் வகையில் இதை விட்டுவிட்டுத் தடுப்பூசி மட்டும் போட்டு அனுப்புவதுதான் தனியார் கிளினிக்குகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை. "இங்க இல்ல" என்றால் எங்கே இருக்கிறது என்று சொல்லி, தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். உங்கள் பகுதியில் எந்த அரசு மருத்துவமனையில் சீரம் இருப்பு இருக்கிறது என்ற விவரத்தை மாதம் ஒருமுறை விசாரித்து மேசையில் வையுங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம்.

அளவைக் கவனியுங்கள், பொருளுக்குப் பொருள் மாறும். குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட். மனிதச் சீரம் கிலோவுக்கு 20 யூனிட். 2017-ல் வந்த ரேபிஷீல்டு என்ற மோனோகுளோனல் ஆன்டிபாடி (சீரத்துக்குப் பதிலாகப் போடுவது, ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்புப் பொருள்) கிலோவுக்கு 3.33 யூனிட். அதற்குப் பின் வந்த ட்வின்ராப் கிலோவுக்கு 40 யூனிட். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் பெரிய தவறாகிவிடும். பெட்டியில் உள்ளதைப் படித்து, எடையைப் பார்த்து, இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். 60 கிலோ உள்ளவருக்குக் குதிரைச் சீரம் 2,400 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் உள்ள குப்பி என்றால் 8 மில்லி.

போடும் இடம் காயம்தான். காயத்துக்குள்ளும் சுற்றிலும், எல்லாக் காயங்களிலும், உடற்கூறு இடம்கொடுக்கும் அளவுக்கு. மீதியைத் தொடையிலோ புட்டத்திலோ போட வேண்டியதில்லை என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாக்கியது. இந்த மாற்றம் இன்னும் பல இடங்களுக்குப் போய்ச் சேரவில்லை. விலை அதிகமுள்ள, தட்டுப்பாடு வரக்கூடிய ஒரு மருந்து இதனால் பலருக்குக் கிடைக்கும். குழந்தைக்கு எடை குறைவு, காயமோ பல என்றால் சலைன் கலந்து அளவைப் பெருக்கி எல்லாக் காயங்களுக்கும் பகிர்ந்து போடுங்கள். விரல் நுனியில் மெதுவாக, கொஞ்சமாக. அங்கே அழுத்தம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

குதிரைச் சீரத்துக்கு முன் தோல் பரிசோதனை தேவையில்லை என்பது இன்னொரு மாற்றம். பரிசோதனை யாருக்கு ஒவ்வாமை வரும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, எல்லோருக்கும் வரலாம் என்று நினைத்துத் தயாராக இருங்கள். வெறும் வயிற்றில் போட வேண்டாம். போட்டபின் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கண்முன்னே உட்கார வையுங்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், ரத்த அழுத்தம் இறங்குதல் என்றால் உடனே தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின்: பெரியவருக்கு 0.5 மில்லி, குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி. பிறகு 108.

சீரம் முதல் நாளே போடுவது நல்லது. கிடைக்கவில்லை என்றால் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழாம் நாள் வரை சீரம் போடலாம், அதற்குப் பின் வேண்டாம். தடுப்பூசியே தொடங்காமல் ஒரு மாதம் கழித்து ஒருவர் வந்தால்? இன்று கடித்தது போலவே எல்லாம் செய்யுங்கள், சீரம் உட்பட. நோய் வெளிப்படச் சாதாரணமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். "லேட்டாகிடுச்சு, இனி பயனில்ல" என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

படி 6: தையல் முதலிய மற்றவை

தையல் முடிந்தவரை வேண்டாம். முகத்தில் பெரிய கிழிசல் என்று போட்டே ஆக வேண்டுமானால், சீரம் போட்டுச் சில மணி நேரம் கழித்து, தளர்வாக, குறைந்த எண்ணிக்கையில். டெட்டனஸ் ஊசி தேவையா என்று பாருங்கள். ஆழமான கடிக்கு, குறிப்பாகக் கையில், ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கம். ஊசி முனைகள் வெள்ளை நிறத் துளைபடாத பெட்டிக்கு, கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டிக்கு, சிரிஞ்சுகள் சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு.

படி 7: 28-ஆம் நாள் வரை

முதல் ஊசிக்கு எல்லோரும் வருவார்கள், மூன்றாம் நாளும் வருவார்கள். ஏழாம் நாள் காயம் ஆறியிருக்கும், பயம் போயிருக்கும், கூலி வேலைக்குப் போயாக வேண்டியிருக்கும். அங்கேதான் ஆட்கள் விடுபடுகிறார்கள்.

அட்டையில் "3-ஆம் நாள், 7-ஆம் நாள்" என்று எழுதாதீர்கள். தேதியையும் கிழமையையும் எழுதுங்கள். மார்ச் 3-ல் தொடங்கினால் அடுத்தது மார்ச் 6, 10, 31. தசையில் என்றால் இடையில் 17-ஆம் தேதியும் சேரும். எந்த முறை, எந்த மருந்து, சீரம் போட்டதா இல்லையா என்று அட்டையிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் அடுத்த ஊசியை வேறு ஊரில் போட நேரலாம். பதிவேட்டில் இரண்டு தொலைபேசி எண்கள் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு ஊசிக்கும் முந்தின நாள் மாலையே "நாளைக்கு ஊசி" என்று கூப்பிடுங்கள். எங்கள் மேசையில் இருக்கும் அக்கா தினமும் மாலை ஐந்து மணிக்கு இதைச் செய்கிறார். ஐந்து நிமிட வேலை.

ஒருவர் தேதியைத் தவறவிட்டு வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அதே கம்பெனி மருந்து கிடைக்கவில்லை என்றால் இன்னொன்றைப் போடலாம்.

அடிக்கடி வரும் சில கேள்விகள்

ஏற்கெனவே முழுதாக ஊசி போட்டவரை மறுபடி கடித்தால் சீரம் வேண்டாம். 0, 3 ஆகிய இரண்டு நாட்களில் ஊசி போட்டால் போதும். முழுத் தொடர் முடித்து மூன்று மாதத்துக்குள் என்றால் காயத்தைக் கழுவுவதே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் "போட்டிருக்கேன்" என்று வாயால் சொல்வதை மட்டும் நம்பாமல் அட்டையைக் கேளுங்கள்.

வெறி பிடித்த மாட்டின் பாலைக் குடித்துவிட்டோம் என்று ஒரு தெருவே திரண்டு வரும். அதற்கு ஊசி தேவையில்லை. பாலின் வழியாக மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக ஆதாரம் இல்லை. பொறுமையாகச் சொல்லி அனுப்புங்கள், அவர்கள் பயம் நியாயமானது. மாட்டின் வாயில் கைவிட்டு மருந்து புகட்டியவர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்று மட்டும் தேடுங்கள். அவருக்குத்தான் ஊசி வேண்டும்.

உங்கள் ஊழியர்களில் யாராவது தெரு நாய்களைப் பராமரிப்பவராக இருந்தால் முன்தடுப்பு ஊசி போட்டுவிடுங்கள்: 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள்.

மேலும் ஆழமாகப் படிக்க விரும்பும் டாக்டர்களுக்கு, தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019-ல் வெளியிட்ட ரேபிஸ் தடுப்பு வழிகாட்டுதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் வகைப் பட்டியலையும் அளவுப் பட்டியலையும் அச்சிட்டு ஊசி அறையில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை, கூட்டமில்லாத ஒரு மதியத்தில், ஊழியர் ஒருவரை நோயாளியாக நடிக்கச் சொல்லி மேசையிலிருந்து குழாயடி வரை நடந்து பாருங்கள். கதவிலிருந்து குழாய்த் தண்ணீர் காலில் படும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்த்து எழுதி வையுங்கள்.